வெள்ளிக்கிழமையில் முட்டிய கோடு

பத்தாம் வகுப்பில் கிராப் கணக்குக்கு எட்டு மதிப்பெண். எது போனாலும் அது போகக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டதால், உத்திரமேரூர்ப் பக்கம் முழுக்க எனக்கு கிராப்பாகவே தெரிந்த பங்குனி மாதம் அது.

ஒருநாள் எங்கள் போர் மோட்டார்க் குழாயிலிருந்து தண்ணீர் வளைந்து தொட்டியில் விழுவதைப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. புத்தகத்தில் இருந்த அதே பரவளையம், யாரும் புள்ளி வைக்காமலே சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் தண்ணீர் விழும் இடத்தைத் தொட்டி விளிம்பில் செங்கல் துண்டால் குறித்தேன். குறிகள் நாளுக்கு நாள் குழாய்ப் பக்கமாக நகர்ந்தன. அந்தத் தூரங்களை நாள்வாரியாக கிராப் தாளில் வைத்தால், அடேயப்பா, ஆறு புள்ளியும் ஒரே நேர்கோட்டில் நின்றன. வளைவுக்குள் ஒரு கோடு இத்தனை நாள் ஒளிந்திருந்ததா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா கோடு இது?"

"நம்ம மோட்டார் தண்ணி, நைனா. தெனம் கொறஞ்சிகினே வருது பாரு. வர்ற வெள்ளிக்கெழம கோடு அடியில வந்து முட்டுது. அன்னிக்கி நின்னுபூடும்."

அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நானோ பரிசு வாங்கியவள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா கோட்டின் மேல் விரலை வைத்து வெள்ளிக்கிழமை வரை மெதுவாக இழுத்துக்கொண்டு போனார்.

"நெசமாவா?"

"ஸ்கேல் வச்சிப் போட்டது, நைனா."

மறுநாள் பச்சைக் கதிரோடு நின்ற கீழ்க்கழனியில் அவரே மாடுகளை மேய ஓட்டிவிட்டார். அம்மா அழுதாள், இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதன்பிறகு மேல்கழனிக்கு மட்டும், பாதி நேரம்தான் மோட்டார் ஓடியது. எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால் போதும்.

வந்தது. விடியும்போதே தொட்டியடியில் நின்றேன். அப்பா சுவிட்சைப் போட்டார். என் ஆறாவது குறியிலேயே, ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல், தண்ணீர் விழுந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாளைக் கசக்கித் தொட்டியில் எறிந்தேன்.

"தப்பாப் போட்டுட்டேன், நைனா."

"தப்பாவே இருக்கட்டும், உடு," என்றார் அப்பா. ஈரத்தாளை எடுத்துப் பிரித்து, மோட்டார்க் கொட்டகைக் கூரையில் காயச் செருகினார்.

மேல்கழனி நெல் வீடு வந்து சேர்ந்தது. பரீட்சையிலும் எட்டுக்கு எட்டு. ஆனாலும் நான் போட்ட ஒரு கோடு பொய்த்துவிட்டதே என்று வெகுநாள் வெட்கப்பட்டேன். அதை முழுசாக நம்பிய ஒருவர், பாதிக் கழனியைக் கொடுத்து அதைப் பொய்யாக்கினார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.