அடுப்பில்லாச் சாப்பாடு

அந்த வருடங்களில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில், ஒரு கூட்டுறவுச் சங்கக்கடைக்கு நான் மனேச்சராக இருந்தேன். தொண்ணூறில் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்த பிறகு கடையில் இருந்ததைவிட இல்லாததுதான் அதிகம். சீனியோ மாவோ மண்ணெண்ணெயோ, எதுவானாலும் கப்பலில் பருத்தித்துறைக்கு வந்து, அங்கிருந்து லொறியில் ஏறி, பங்கிடப்பட்டு எங்களிடம் வரவேண்டும். கப்பல் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் தெரியாது. ஆனால் ஊர் என்னைத்தான் கேட்டது. கோயில் வீதியில் கேட்டார்கள். சலூன் கதிரையில் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு இருக்கும்போது கேட்டார்கள். செத்தவீடு ஒன்றில், பிரேதம் கூடத்தில் இருக்க, செத்தவரின் மருமகன் என்னை வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போய், "மனேச்சர், இந்தக் கிழமை சீனி வருமோ?" என்று கேட்டார். தெரியாது என்றால் நான் மறைக்கிறேன் என்று நினைத்தார்கள். வரும் என்றால் விடிய முதல் பையோடு வந்து நின்றார்கள்.

இதனால் என் கால்கள் சொல்வழி கேளாமல் போய்விட்டன. கதிரையில் இருந்தால் முழங்கால் தானாக ஆடும். சோற்றுக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்து நடந்து சாப்பிடுவேன். லொறிச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தால் படலையைத் திறந்து வீதியைப் பார்ப்பேன். வீதியில் சைக்கிள்களைத் தவிர ஒன்றும் போகாது.

"இஞ்சாருங்கோ, ஒரு வாய் தேத்தண்ணியை இருந்து குடியுங்கோவன். ஆர் உங்களைக் கலைக்கிறது?" என்பாள் மனைவி.

கடைசியில் அவளே என்னை மானிப்பாயில் ஒரு டொக்டரிடம் போகவைத்தாள். சைக்கிளை நான் மிதிக்க, அவள் பின்னால் இருந்து வந்தாள். டொக்டர் கையில் பட்டியைக் கட்டிப் பார்த்துவிட்டு, பிறசர் கூடிக் கிடக்கிறது என்றார். "உப்பைக் குறையுங்கோ. சீனியைக் குறையுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி காலால் என் காலை மிதித்தாள். நான் யார் என்று தெரிந்ததும் டொக்டரும் சிரித்தார். குளிசை எழுதினார். யோகாசனம் பழகினால் நல்லது என்றார். நாங்கள் எழும்பும்போது குரலைத் தாழ்த்தி, "அதுசரி, வருமோ?" என்று கேட்டார்.

யோகாசன வகுப்பு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. ஒரு ரியூட்டரிக் கொட்டிலில், பிள்ளைகள் படிக்க வருவதற்கு முன்னால், விடியற்காலையில் நடக்கும். நடத்தியவர் ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி ரீச்சர். நாற்பதை அண்டிய வயது, கலியாணம் கட்டவில்லை. இந்தியாவில் ஒரு வருடம் தங்கி முறையாகப் படித்துவிட்டு வந்தவர். தமையன் குடும்பம் கனடாவுக்குப் போன பிறகு அவர்களுடைய பெரிய வீட்டில் தனியே இருந்தார். பெண்பிள்ளை ஆண்களுக்கு யோகாசனம் காட்டுவதா என்று ஊரில் கதை எழும்ப, கரும்பலகையைக் கொட்டிலுக்கு நடுவே நிறுத்தி, ஒரு பக்கம் ஆண்களும் மறுபக்கம் பெண்களுமாக வைத்துவிட்டார். பலகையின் ஓரத்தில் நின்று இரண்டு பக்கத்துக்கும் காட்டுவார். என் மனைவியும் பெண்கள் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். என்னைக் கவனிக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

வகுப்பில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். உரப்பைக்குள் தேங்காய்த் தும்பை அடைத்துத் தைத்தால் நல்ல விரிப்பு. குனிந்து கால் விரலைப் பிடிக்க எட்டாதவர்களுக்குப் பழைய சைக்கிள் ரியூப். பாதத்தில் மாட்டி இழுத்தால் அது நம்மை முன்னுக்குக் கொண்டுபோகும். தபாற்கந்தோரில் வேலை செய்த ஒருவர் ரியூப் அறுந்து பின்னால் மல்லாந்து விழ, பலகைக்கு அப்பால் பெண்கள் ஒன்றும் காணாமலே சிரித்தார்கள். குண்டு போடுகிற பொம்மர் சத்தம் கேட்டால் எல்லோரும் எழும்பிப் பக்கத்து வளவில் வெட்டிய பங்கருக்குள் இறங்குவோம். போனபிறகு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

எனக்கு எல்லா ஆசனமும் ஓரளவு வந்தது. சும்மா கிடக்கிற சவாசனம் மட்டும் வரவில்லை.

"மனேச்சர், கண்ணை மூடுங்கோ," என்பார் ரீச்சர்.

"மூடினாக் கப்பல் தெரியுது, ரீச்சர்."

அதோடு பக்கத்தில் பிணம் போலக் கிடந்த தபாற்கந்தோர்காரர் ஒரு கண்ணைத் திறந்து, "என்ன, கப்பல் வந்திட்டுதோ?" என்பார்.

ரீச்சருக்குச் சாப்பாட்டில் ஒரு கொள்கை இருந்தது. சமைத்த சாப்பாடு செத்த சாப்பாடு; வெள்ளை மாவும் வெள்ளைச் சீனியும் நஞ்சு; முளைத்த பயறு, தேங்காய்ப்பூ, பழம், பச்சை இலை, இவை போதும். "அடுப்பில்லாச் சாப்பாடு" என்று அதற்கு அவர் பெயர் வைத்திருந்தார். முன்பு சொல்லியிருந்தால் யாரும் காதில் வாங்கியிருக்கமாட்டார்கள். மண்ணெண்ணெயும் விறகும் நெருப்பு விலை விற்ற அந்த நேரத்தில் அது பெரிய உண்மையாகத் தெரிந்தது. எனக்கோ அது ஒரு விடுதலை மாதிரி. ஊர் முழுக்க அடுப்பில்லாமல் சாப்பிடப் பழகினால் என்னை ஒருவரும் மண்ணெண்ணெய் கேட்கமாட்டார்கள்.

வீட்டில் அன்றிரவே பயறை ஊறப்போட்டேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்கள் சாப்பிடுங்கோ. எனக்குப் புட்டு வேணும்," என்றாள். சில நாட்கள் பச்சைப் பயறும் பச்சை வல்லாரையும் தின்றேன். பிறகு வயிறு கடையில் நிற்கவிடாமல் வளவுக் கோடிக்கு விரட்டியது. ஏற்கனவே நடையாய் நடந்தவன் ஓடத் தொடங்கினேன். மனைவி சுடுகஞ்சி வைத்துத் தந்தாள். குடித்தேன். வகுப்பில் இதை நான் வெளியே விடவில்லை. மற்றவர்களும் வெளியே விடவில்லை. எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

வாய்விட்டுச் சொன்னவர் குருநகர் அக்கா ஒருவர்தான். யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையில் வீடு போய், இரண்டு பெண்பிள்ளைகளோடு கொக்குவிலுக்கு இடம்பெயர்ந்து வந்தவர். ஆட்கள் வெளிநாடு போன ஒரு வீட்டில் மூன்று குடும்பங்கள் இருந்தன. அதில் ஓர் அறை அவருடையது. மூச்சு இழுக்கிற முட்டு வருத்தத்துக்காக மூச்சுப் பயிற்சி பழக வந்தார். காலையில் செபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து பெண்கள் பக்கம் கடைசியில் இருப்பார்.

"ரீச்சர், மூச்சை நீங்கள் சொல்லுற மாதிரி இழுக்கிறன். ஆனா மீனைப் பச்சையாத் தின்னச் சொல்லாதேங்கோ," என்றார் ஒருநாள்.

"மீனே வேண்டாம் எண்டுதான் சொல்லுறன்."

"அப்ப என்ரை பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

ரீச்சர் அடுத்த ஆசனத்துக்குப் போனார்.

அந்த மழைக்காலத்தில் பயறு விலை ஏறியது. தேங்காயும் ஏறியது. ரீச்சர் மெலிந்துகொண்டு வந்தார். பயிற்சியால் வந்த மெலிவு என்று நாங்கள் மெச்சினோம். ஒரு காலையில் ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனத்தைக் காட்டிக்கொண்டு நின்றவர், கைகளைத் தலைக்கு மேல் கூப்பியபடியே சரிந்து விழுந்தார். பெண்கள் பக்கம் கத்திய சத்தத்தில் நாங்கள் ஓட, கரும்பலகையும் விழுந்தது. குருநகர் அக்கா ரீச்சரின் தலையை மடியில் தூக்கி வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

ரீச்சர் கண் திறந்ததும் அக்கா, "ரீச்சர், கடைசியாச் சோறு திண்டது எப்ப?" என்று கேட்டார்.

"நான் சோறு விட்டுக் கனகாலம்."

"அப்ப நேற்று என்ன திண்டனீங்கள்?"

ரீச்சர் யோசித்தார். முருங்கையிலைச் சாறு குடித்ததாகச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அக்காவின் வீட்டில் அந்த நேரம் அவருடைய அடுப்பு முறை இல்லை. ஒரே அடுப்பை மூன்று குடும்பங்கள் முறைவைத்துத்தான் பாவித்தன. அதனால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ரீச்சரை அவருடைய வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனோம். நான் சைக்கிளை உருட்ட, ரீச்சர் கரியரில் இருந்தார்; மனைவியும் அக்காவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். குசினிக்குள் போன அக்கா அங்கேயே நின்றுவிட்டார். அடுப்பில் சாம்பல் இல்லை. சிலந்தி வலை கட்டியிருந்தது. தமையன் மனைவியின் பெரிய பானைகள் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. பின்பக்கத் தாழ்வாரப் பத்தியில் நல்ல காய்ந்த விறகு கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது.

"என்ரை மாதாவே! இவ்வளவு விறகையும் வைச்சுக்கொண்டோ பச்சைப் பயறு சப்பினனீங்கள்?"

ரீச்சர் வாசற்படியில் இருந்தார். பிறகு, "முதல்லை உடம்புக்கு நல்லது எண்டுதான் தொடங்கினனான். பிறகு... அண்ணை ஆக்கள் போனாப்பிறகு ஒருத்திக்கு எண்டு அடுப்பு மூட்ட மனம் வரேல்லை. ஒரு பிடி அரிசியை அந்தப் பானையிலை போட்டா அடியிலையே கிடக்குது. அதைப் பாக்க ஏலாமல் இருந்துது," என்றார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடிப் போய் எங்கள் பங்கில் இருந்த அரிசியில் கொஞ்சமும் ஓர் ஓலைக் குட்டான் பனங்கட்டியும் எடுத்துக்கொண்டு வந்தேன். வந்தபோது அடுப்பில் நெருப்பு நின்றது. மனைவி வேலியில் முசுட்டை இலை பறித்துக்கொண்டு நின்றாள். இலைக்கஞ்சி கொதித்து இறங்கியதும் ரீச்சர் ஊதி ஊதி ஒரு கோப்பை குடித்தார். இன்னொரு கோப்பை கேட்டார். அடுப்பில்லாச் சாப்பாட்டைப் பற்றி அன்று யாரும் கதைக்கவில்லை.

போகும்போது அக்கா நேரடியாகவே கேட்டார். "ரீச்சர், எனக்கு அடுப்பில்லை. உங்களுக்குக் கூட இருந்து தின்ன ஆளில்லை. நானும் பிள்ளையளும் இஞ்சை வந்து காய்ச்சினா என்ன?"

ரீச்சரின் முகம் மாறியது. "மீன், மச்சம்?"

"செவ்வாய் வெள்ளி இல்லை. மற்ற நாளிலை வெளியிலை அந்த மாமரத்துக்குக் கீழை கல்லு வைச்சுக் காய்ச்சுறன். சட்டியும் வேறை, அகப்பையும் வேறை."

"மணம் வருமே, அக்கா."

"காத்து எங்கடை சொல்லுக் கேளாது, ரீச்சர்."

ரீச்சர் சிரித்துவிட்டார். அடுத்த கிழமை அக்கா பிள்ளைகளோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கே வந்துவிட்டார்.

வகுப்பு தொடர்ந்தது. ரீச்சர் கொள்கையை முழுதாகக் கைவிடவில்லை. அதை ஊருக்குப் பொருந்த வெட்டித் தைத்தார். வெள்ளை மா கூடாது என்று சொல்வதை விட்டு, அதோடு குரக்கன் மாவைக் கலந்து ரொட்டி சுட்டுக் காட்டினார். ஆசனம் முடிந்ததும் கொட்டில் வாசலில் பண்டமாற்று நடக்கும். மா ஒத்துக்கொள்ளாதவர் மாவைக் கொடுத்துக் குரக்கன் வாங்குவார். முருங்கை மரம் நிற்கிறவர் இலையைக் கொண்டுவந்து பருப்போடு போவார். பனங்கிழங்கு ஒடியல் மாவோடு வந்த ஒரு மனுசி அக்காவிடம் மூச்சுப் பயிற்சியில் சந்தேகம் கேட்டுப் போவார். கப்பலைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறையவில்லை. ஆனால் கையில் ஏதோ ஒன்றோடு வீட்டுக்குப் போனார்கள். என் பிறசர் கொஞ்சம் இறங்கியது. சவாசனம் கடைசிவரை வரவில்லை.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை ஓய்ந்து தடை சற்றுத் தளர்ந்தது. ஒரு காலையில் நாங்கள் சிரசாசனத்தில் நிற்க, வீதியால் போன ஒருவன் சங்கக்கடைக்கு லொறி வருகிறது என்று கத்திக்கொண்டு போனான். தலைகீழாக நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். விரிப்பைக்கூடச் சுருட்டாமல் ஓடினார்கள். கொட்டிலில் ரீச்சரும் நானும் மிஞ்சினோம்.

"நீங்களும் ஓடுங்கோ, மனேச்சர். கடைத் திறப்பு உங்களிட்டையெல்லே இருக்கு!"

அன்று முழுவதும் நிறுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். மனைவி கொண்டுவந்த சோற்றைச் சாக்கு ஒன்றில் குந்தியிருந்து சாப்பிட்டேன். இருந்து சாப்பிடுகிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் மறுநாளே புது யோசனை வந்துவிட்டது. இவ்வளவும் வந்திருக்கிறதே, இது எப்போது நின்றுபோகும்?

அதிக நாள் யோசிக்கவேண்டி இருக்கவில்லை. சண்டை திரும்பியது. அந்த வருடம் மழை தொடங்கியபோது இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீதிக்கு வந்தது. மறுநாள் நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால், அசையாத சனத்துக்குள், ஒரு கைவண்டிலையும் அதைப் பிடித்தபடி நின்ற அக்காவையும் ரீச்சரையும் கண்டோம். பிள்ளைகள் வண்டிலின் மேலே பெட்டிகளோடு பெட்டியாக நனைந்துகொண்டு இருந்தார்கள். அக்காவுக்கு முட்டு இழுத்தது. ரீச்சர் ஒரு கையால் அவருடைய முதுகைத் தடவியபடி, "மெல்ல, மெல்ல விடுங்கோ, அக்கா," என்று சொல்லிக்கொண்டு நின்றார். மனைவி தன்னிடமிருந்த பாணில் பாதியைப் பிய்த்துப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். சாவகச்சேரிப் பக்கம் என்று ரீச்சர் சொன்னார். அதற்குள் சனம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

நாங்கள் கிளாலியில் படகேறி வன்னிக்குப் போனோம். அவர்கள் போகவில்லை. சில மாதங்களில் கொக்குவிலுக்குத் திரும்பி, அதே வீட்டில் நால்வருமாக இருக்கிறார்கள் என்று பிறகு ஒருவர் வந்து சொன்னார்.