அடிபம்பில் ஓர் இருமல்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பைக் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவர் பேச்சிராஜா. குருவிகுளம் பக்கத்துக்காரர். பதினெட்டு வருடம் துணை ராணுவத்தில், வடக்கே காடுகளில் இருந்துவிட்டு வந்தவர். சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுவார்கள். போய் மிட்டாயைத் தின்றுவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பி வருவார். பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் எனக்குச் சில நாள் அந்த ஆளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஸ்டாண்டில் ஒரு தண்ணீர்ப் பானை வைத்திருக்கிறார். எதிர் ஸ்டாண்டுக்காரன் ஆள்பலத்தை வைத்து இவருக்கு வருகிற வண்டிகளையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஆட்களோ இவர் பானையிலேயே மொண்டு குடித்தார்கள். "பானையைத் தூக்கி உள்ள வையுங்க அண்ணாச்சி, சூடு சொரணை வேண்டாமா?" என்று கத்தினேன். அன்றைக்குத்தான் அந்த விஷயத்தைச் சொன்னார்.

காட்டில் அவர்கள் முகாமுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அடிபம்பு. இவர்களுக்கும் அதுதான், ஊர்க்காரர்களுக்கும் அதுதான், துப்பாக்கி தூக்கிக் காட்டுக்குள் போனவர்களுக்கும் அதுதான். அந்தத் துப்பாக்கிக்காரர்கள் ரோடெல்லாம் குண்டு புதைப்பார்கள், அடிபம்பைத் தொட்டதில்லை. புதிதாக வந்த அதிகாரி, தண்ணீருக்கு வருகிற துப்பாக்கிக்காரர்களை அங்கேயே வைத்துச் சுட உத்தரவு போட்டார். விடியற்காலையில் இவரும் கூட இருந்தவர்களும் புதருக்குள் படுத்திருந்தார்கள். இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி தோளில் துப்பாக்கி, இன்னொருத்தி இடுப்பில் குடம். பேச்சிராஜா இருமினார். இருவரும் ஓடிவிட்டார்கள்.

"எங்க ஊர்ல வெட்டுக்குத்துப் பகைன்னாலும் கிணத்தடியில வச்சுக் கை ஓங்க மாட்டாங்க வே," என்றார். அதோடு அவருடைய பதவி உயர்வு போயிற்று.

ஒன்பதாம் நாள் ரோட்டில் குண்டு வெடித்து, கூட இருந்த சிவகிரி ஏசுவடியான் இறந்தான். குண்டு வைத்துப் பிடிபட்டவள், அன்று துப்பாக்கியோடு வந்தவளேதான். இதை அவர் ஊரில் என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

ஏசுவடியானின் மனைவி ஜெபக்கனி வருடந்தோறும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் முறுக்கு டப்பாவோடு வருவாள். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷனுக்கு உறவென்று வந்து போகிற ஒரே ஆள் அவள்தான். அந்த நாளுக்கு மட்டும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவார். போன டிசம்பரில் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு அவள் தயங்கி நின்றாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு நேரம் பாத்து இருமல் வந்துட்டுன்னு அவிய போன்ல சொல்லிச் சிரிச்சாவ. அன்னைக்குச் சுட்டிருந்தா அவிய இருந்திருப்பாவளா?"

அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இல்லையென்று சொல்லும்படி நான் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

"இருந்திருப்பான்மா," என்றார். "குண்டு வச்சது அந்தப் புள்ளதான்."

"இருமல் தானா வந்துதா?"

"இல்லம்மா. வேணும்னுதான் இருமுனேன்."

ஜெபக்கனி அழவில்லை. பேச்சிராஜா பானையில் மொண்டு டம்ளரை நீட்டினார். அவள் வாங்கவில்லை. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுச் சிவகிரி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! "ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிப் போகுமா அண்ணாச்சி?"

"அந்த ஆபீசரும் இப்படித்தான் கேட்டாரு வே, ஒரு தடவ சுட்டா கை அழுகிருமான்னு," என்றார். டம்ளர் இன்னும் கையிலேயே இருந்தது.

இந்த டிசம்பரிலும் தேய்த்த சட்டையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து சிவகிரி பஸ் மூன்று வந்து போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் நான்தான் முதலில் எழுந்து பார்க்கிறேன்.