ஒட்டாத ஸ்ரீ

ஸ்மார்ட்போன் சூப்பர்வைசர்களுக்கு மட்டுமே வாய்த்திருந்த காலம். ஒரகடத்தில் ஒரு ஜப்பானியக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. தமிழில் டைப் செய்யத் தெரியும் என்று நேர்முகத் தேர்வில் வாய் தவறிச் சொன்னதால், எச்சரிக்கைப் பலகை தயாரிப்பதே என் பொறியியல் பணியாயிற்று.

என் கணினியில் யாரோ எங்கிருந்தோ சுட்டுப் போட்ட பழைய எழுத்துரு இருந்தது. அதில் நான் அடித்த 'இயந்திரம் ஓடும்போது கை வைக்காதே', வேறு கணினியிலிருந்து அச்சானபோது கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாக வந்தது. அதையும் லேமினேட் செய்து மாட்டிவிட்டார்கள். மூன்று நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்காம் நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"இன்னாபா எழுதி வச்சிகீற? ஜப்பான்காரன் பாத்துட்டு, தமிழ் ரொம்ப அழகா கீதுன்னு சொல்லிட்டுப் போறான்."

தேடியதில், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்துருக்களைச் செய்து இணையத்தில் இலவசமாகத் தரும் தன்னார்வலர் குழு ஒன்று கிடைத்தது. ஐ.டி. அதிகாரியிடம் அனுமதி கேட்டேன்.

"லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு சார். யார் வேணா எடுத்துக்கலாம், திருத்தலாம், மத்தவங்களுக்கும் குடுக்கலாம்னு எழுதியே குடுத்திருக்காங்க."

"அது லைசென்ஸ் இல்லப்பா. லைசென்ஸ்னா கூடாதுன்னு எதாவது இருக்கணும்."

சுட்ட எழுத்துருவைப் பற்றி அவருக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. கணினிகளில் சுட்ட சரக்கு உண்டா என்று பார்க்கும் ஆடிட் நெருங்கியதும் சம்மதித்தார்.

புதிய எழுத்துருவில் முதல் வேலை, கம்பெனி பஸ் பட்டியல். 'ஸ்ரீபெரும்புதூர்' என்று அடித்தால் 'ஸ்' தனியாகவும் 'ரீ' தனியாகவும் நின்றன. குழுவுக்குப் படத்தோடு எழுதினேன். பள்ளி ஆசிரியை ஒருவர் பதில் போட்டார்: "எங்க யாருக்கும் இந்த எழுத்து தேவைப்படவே இல்ல. சொன்னதுக்கு நன்றி." ஒரே வாரத்தில் திருத்திய கோப்பு வந்தது. உதவியவர்கள் பட்டியலில் கடைசியாக என் பெயர்.

படப்பையில் நண்பர்களோடு தங்கியிருந்த அறையில் அதை அச்செடுத்துக் காட்டினேன். திருநெல்வேலிப் பக்கத்து நண்பன் கேட்டான்.

"இதுக்கு ஓ.டி. காசு உண்டால?"

"இல்ல."

"பொறவு எதுக்குல பேரு?"

ஆண்டு விழாவில், இலவச எழுத்துருவைக் கொண்டுவந்ததற்காக, சிறந்த யோசனைக்கான பரிசை ஐ.டி. அதிகாரி வாங்கினார். மேடையிலிருந்து இறங்கி வந்து என் தோளில் தட்டினார். "உன் பேரையும் சொல்லலாம்னு பாத்தேன், டைம் இல்ல." நானும் முறைப்படி கைதட்டினேன்.

மறுநாள் அந்த ஆசிரியை 'க்ஷ' வரிசையைச் சோதித்துத் தர முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தார். உணவு இடைவேளையில் உட்கார்ந்து ஏழு பிழைகள் கண்டுபிடித்தேன். அந்தத் தொழிற்சாலையில் நான் விரும்பிச் செய்த முதல் வேலை அதுதான்.