பொடவுக்குள்ள கெடச்ச கயிறு

நான் ஃபிசிக்ஸ் டீச்சர். அதை மொதல்லயே சொல்லிர்றேன், ஏன்னா இதைக் கேட்டவுக பாதிப்பேரு "படிச்ச புள்ள நீயா இப்படிப் பேசுற"ன்னுதான் கேட்டாக. பேய், முனி, காத்துக்கருப்பு எதையும் நான் ஒரு நாளும் நம்புனதில்ல. எங்க ஊரு முதுகுளத்தூர் பக்கம், கருக்கல்ல கண்மாய்க்கரைப் பக்கம் போகாதன்னு சொல்ற ஊரு, நான் அந்தக் கரை வழியாத்தான் டியூஷன் முடிச்சு சைக்கிள்ல வருவேன். கிளாஸ்ல பிள்ளைக யாராச்சும் பேய்க்கதை எடுத்தா, இது நெழலு, இது காத்துச் சத்தம், இது உன் பயம்னு பிரிச்சுப் போட்டு சிரிக்க வச்சிருவேன். அதனால இப்ப நீங்க சிரிச்சாலும் எனக்குக் கோவம் வராது. உங்க எடத்துல நான் இருந்தாலும் சிரிச்சிருப்பேன்.

ஜெரினா எங்க ஸ்கூல் ஸுவாலஜி டீச்சர். எட்டு வருசம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என் ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் நிக்காமப் போனப்ப, நோன்போட நோன்பா ஆஸ்பத்திரிக்கு வந்து ராத்திரி பூரா என் பக்கத்துல உக்காந்திருந்தவ. கூடப் பொறந்தவ மாதிரின்னு சொன்னா அதுவும் கொறச்சல்தான். மூணு வருசத்துக்கு முன்னாடி அவளுக்கு சவுதியில தமாமுக்கு விசா வந்துருச்சு, வீட்டுக்காரரு அங்கதான் வேலை, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மாசி மாசம் கெளம்புறதா முடிவு. போறதுக்குள்ள ஒரே ஒரு ஆசைன்னா. அந்தப் பொடவைப் பாக்கணும்.

பொடவுன்னா குகை. நம்ம கரையில ஏது குகைன்னு கேப்பீங்க, நியாயம்தான், எங்க பாத்தாலும் மணலும் சீமைக்கருவேலமும்தான. ஆனா மாரியூருக்குக் கெழக்க ஒரு எடத்துல மட்டும் மணல் இறுகிக் கல்லாப் போயி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டுக் கெடக்கும், அதோட அடியில இடுப்பு உயரத்துக்கு ஒரு வாய். அது கோயில் வரைக்கும் போகுது, அரண்மனை வரைக்கும் போகுதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாக. "முப்பது அடியில முட்டுச்சுவரு நிக்கும்டி, நானே காட்டுறேன் வா"ன்னு சொன்னது நான்தான். பழியை அவ மேல போட முடியாது.

அன்னைக்குத் தை அமாவாசை, சனிக்கிழமை. மாரியூர்ல கடல் குளிக்க வந்த கூட்டம் ரோடு வரைக்கும் நிக்கிது. நாங்க அதைத் தாண்டி ஸ்கூட்டியில போயி, எட்டரை மணிக்கெல்லாம் பாறைக்கிட்ட எறங்கிட்டோம். தண்ணி நல்லா வத்திக் கெடந்துச்சு, வாய்க்குள்ள கணுக்கால் நனையிற அளவுதான். நான் கெட்டிக்காரியாம், கடையில பச்சை நைலான் கயிறு வாங்கிட்டு வந்திருந்தேன். ஒரு முனையை வெளிய பாறையில கட்டி, இன்னொரு முனையை என் இடுப்புல கட்டிக்கிட்டுக் குனிஞ்சு உள்ள போனோம்.

நம்புங்க நம்பாமப் போங்க, முப்பது அடியில சுவரு இல்ல. உள்ள போகப்போக உயரம் கூடுது, நிமிந்து நிக்கலாம், ரெண்டாப் பிரியிது, பெறகு ஒண்ணு மூணாப் பிரியிது. ஜெரினா செவுத்துல ஒட்டுன சிப்பியை எல்லாம் செல் வெளிச்சத்துல பாத்துக்கிட்டு, பேரு சொல்லிக்கிட்டு, சின்னப்புள்ள மாதிரி சிரிச்சுக்கிட்டு வாரா. கயிறு முடிஞ்சுபோச்சு. "இன்னும் பத்தடி மட்டும்டி வள்ளி"ன்னா. பத்தடிதானேன்னு அவுத்து, ஒரு கல்லைத் தூக்கி முனை மேல வச்சுட்டுப் போனேன். வாழ்க்கையில நான் செஞ்ச முட்டாள்தனத்துல அதுதான் பெருசு.

இல்ல, அதைவிடப் பெருசும் ஒண்ணு இருக்கு. அமாவாசையில கடல் மத்த நாளைவிடக் கூட ஏறும். வருசா வருசம் போர்டுல படம் போட்டு நடத்துறவ நான். அது எனக்கு உள்ள போகையில ஞாபகத்துக்கு வரவே இல்ல.

பத்தடி அம்பதடியா ஆயிருச்சு போல. திரும்புனப்ப கால்ல தண்ணி ஓடுற சத்தம், எங்க பக்கமா ஓடி வருது. அவசரத்துல ஜெரினா வழுக்கி விழுந்து கணுக்காலு பெரண்டுபோச்சு, அவளைப் பிடிக்கப் போயி என் செல்லு தண்ணிக்குள்ள போயிருச்சு. அவ செல்லுல ஏழு பர்சன்ட். அதை வச்சுக்கிட்டு அந்தக் கல்லைத் தேடுறோம், எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்கு, வந்த வழி எதுன்னு தெரியல. ஒரு பிரிவுல போனா முட்டுது, இன்னொண்ணுல போனா தண்ணி தொடைக்கு வருது. செல்லும் அணைஞ்சுருச்சு.

அந்த இருட்டை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கண்ணைத் தொறந்தாலும் மூடுனாலும் ஒண்ணுதான். தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு. ஜெரினா ஓத ஆரம்பிச்சுட்டா. நான் சாமி கும்புடத் தெரியாதவ இல்ல, ஆனா அன்னைக்கு ஒரு சாமி பேரும் வாயில வரல, என் சின்னவன் காலையில இட்லி வேணாம்னு அழுததும், நான் முதுகுல ஒண்ணு வச்சுட்டு வந்ததும்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு.

"வள்ளி, நீ நீந்துவல்ல, நீ போயிருடி"ன்னா.

"எங்கிட்டுப் போகச் சொல்ற? வாயை மூடிக்கிட்டு என் கையைப் பிடி"ன்னேன்.

செவுத்தைத் தடவிக்கிட்டே நகந்தேன். அப்பத்தான் கையில தட்டுச்சு. கயிறு. "கெடச்சிருச்சுடி, கெடச்சிருச்சு!"ன்னு கத்துனேன் பாருங்க, இன்னைக்கும் அந்தச் சத்தம் எனக்குக் கேக்கும். ரெண்டு கையாலயும் பிடிச்சு, அவளையும் எனக்குப் பின்னால பிடிச்சுக்கச் சொன்னேன். பிடிச்ச நிமிசம் கயிறு விறைச்சு, மெதுவா முன்னால இழுத்துச்சு.

வெளிய யாரோ ஸ்கூட்டியைப் பாத்துட்டு, கயித்தைப் பாத்துட்டு இழுக்குறாகன்னுதான் நெனச்சோம். "அண்ணே, விட்ராதீக, இழுங்கண்ணே!"ன்னு ரெண்டு பேரும் கத்துறோம். பதில் இல்ல. ஆனா இழுக்குறவுக எங்க நடையைக் கண்ணால பாக்குற மாதிரி இழுக்குறாக. ஜெரினா காலு வலி தாங்காம நின்னா கயிறும் நிக்கிது, அவ மூச்சு வாங்கி ஒரு எட்டு வச்சா அதுவும் நகருது. வழி மேல ஏறுது. நாம எறங்கி வரவே இல்லையே, எப்படி ஏறுதுன்னு மனசு ஒரு ஓரமாக் கேக்குது, ஆனா தண்ணி இடுப்புல இருந்து முழங்காலுக்கு, முழங்கால்ல இருந்து பாதத்துக்குக் கொறையிறப்ப எவ கேள்வி கேப்பா? கையில கயிறு முள்ளு முள்ளாக் குத்துச்சு. நைலான் அப்படிக் குத்தாதுன்னும் தெரியுது. விடல.

நடுவுல ஜெரினா மெதுவாச் சொன்னா, "வள்ளி, எனக்குப் பின்னாலயும் கயிறு கனமா இருக்குடி. யாரோ பிடிச்சுக்கிட்டு வார மாதிரி."

"தண்ணியில நனைஞ்ச கனம்டி, பேசாம வா"ன்னேன். ஃபிசிக்ஸ் டீச்சர்ல.

பெறகு வெளிச்சம். கடல் பக்கம் இல்ல, தலைக்கு மேல. ஒரு ஆளு நுழையிற அளவுக்குப் பொந்து, வேரைப் பிடிச்சு ஏறி விழுந்தோம். சுத்தி உடைமரக் காடு, செம்மண்ணு, நல்ல வெயிலு. கடல் அங்கன தூரத்துல தெரியுது. ஜெரினா மண்ணுல நெத்தியை வச்சு "அல்ஹம்துலில்லாஹ்"ன்னு அழுவுறா, நான் அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுவுறேன். அழுது முடிச்சுத்தான் நன்றி சொல்ல ஆளைத் தேடுனோம்.

ஆளே இல்ல. கயிறு மட்டும் எங்களுக்கு முன்னாடி மண்ணுல நாலடி நீளத்துக்குக் கெடக்கு. தேங்காநாருக் கயிறு, பெருவிரல் தண்டி, கறுத்துப்போனது, சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. அந்த முனையை யாரும் பிடிக்கல, எதுலயும் கட்டல. மண்ணுல எங்க காலடியைத் தவிர வேற காலடியும் இல்ல.

பாத்துக்கிட்டே நிக்கிறோம், பொந்துக்குள்ள இருக்குற பக்கத்துல இருந்து கயிறு வெடுக்குன்னு இழுபட்டுச் சுண்டுச்சு. ரெண்டு தடவை. கொஞ்சம் விட்டு மறுபடியும் ரெண்டு தடவை. பெறகு மெல்ல மெல்ல உள்ள போயிருச்சு. அவசரமே இல்லாம, முனை வரைக்கும், மண்ணுல ஈரக்கோடு போட்டுக்கிட்டே போச்சு.

ஓடுனோம்னு சொல்லணும், ஆனா அவ கால்ல எங்க ஓட. என் தோள்ல சாஞ்சு நொண்டிக்கிட்டே கரைக்கு வந்து பாத்தா, பொடவு வாயே தெரியல, கடல் மூடிருச்சு. எங்க பச்சைக் கயிறு பாறையில கட்டுன எடத்துல கட்டுனபடியே கெடக்கு. சாயல்குடி ஆஸ்பத்திரியில நர்ஸம்மா ஊசியை வச்சு எங்க ரெண்டு பேரு உள்ளங்கையில இருந்தும் நாரு நாரா எடுத்தாக. "எங்க போயி தேர் வடம் இழுத்தீக?"ன்னு கேட்டாக.

ரெண்டு நாள் கழிச்சு என் வீட்டுக்காரரும் ஜெரினாவோட அண்ணன் காதரும் போயிப் பாத்தாக. பொந்து இருந்துச்சு, கல்லைப் போட்டா தண்ணிச் சத்தம் கேட்டுச்சு, கயிறு கிடையாது. பழைய வலைக்கயிறு ஏதோ ஒண்ணு ஓட்டத்துல மாட்டி இழுத்திருக்கும்னாரு என் வீட்டுக்காரரு. தண்ணி மேல இருந்து கீழதான ஓடும், எங்களை எப்படி மேல இழுக்கும்னு கேட்டேன். அவரு கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.

அதுக்குப் பெறகு நான் மாறித்தான் போனேன். பயந்துபோயி இல்ல. காலையில எந்திரிச்சு சின்னவன் மூஞ்சியைப் பாக்குறப்ப எல்லாம், யாருன்னு தெரியாத அந்த ஒருத்தருக்கு மனசுக்குள்ள ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் அடுப்பைப் பத்த வைக்கிறேன். ஜெரினா தமாம்ல இருந்து கூப்பிடுறப்ப சொல்லுவா, ஒவ்வொரு தொழுகையிலயும் அவுகளுக்காக துஆ கேக்குறேன்டின்னு. அங்க போயி அவளுக்கு ஒரு பொம்பளப்புள்ள பொறந்துச்சு. அதோட கையை வீடியோல பாக்குறப்ப எல்லாம், கயிறு கெடைக்கலைன்னா நீ ஏதுடா கண்ணுன்னு தோணும். ஆளு யாரா இருந்தா என்ன, பேயா இருந்தாத்தான் என்ன, எங்களுக்கு நல்லது செஞ்சவுக. இப்படித்தான் நிம்மதியா இருந்தேன்.

போன நோன்புப் பெருநாளுக்கு ஜெரினா லீவுல வந்தா. பிரியாணி சாப்பிட்டுட்டு உக்காந்து பேசிக்கிட்டு இருக்கோம், காதர் அண்ணனும் இருந்தாரு. அவரு சின்ன வயசுல இருந்து சங்கு குளிக்கிறவரு, கடலுக்கு அடியில மூச்சடக்கிப் போயி சங்கு எடுக்குற தொழிலு. ஜெரினா பேச்சுவாக்குல அந்தக் கயிறு சுண்டுனதைச் சொன்னா. அதுவரைக்கும் அதை நாங்க யார்கிட்டயும் சொன்னதில்ல, ஏன்னு தெரியல, கயித்தைச் சொன்னோம், சுண்டுனதைச் சொல்லல.

அண்ணன் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டாரு. "எத்தனை தடவை சுண்டுச்சு டீச்சர்?"

"ரெண்டு. கொஞ்சம் விட்டு மறுபடியும் ரெண்டு."

"சொல்லுங்க காக்கா"ன்னு ஜெரினா கேட்டா, அண்ணனை அவ காக்கான்னுதான் கூப்புடுவா. பெறகுதான் சொன்னாரு.

"முன்னாடி எல்லாம் முங்குறவன் இடுப்புல நார்க்கயிறு கட்டித்தான் எறக்குவாக. மேல தோணியில ஒரு ஆளு முனையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். கீழ இருக்குறவன் ரெண்டு தடவை சுண்டுனா, மூச்சு முடிஞ்சுருச்சு, என்னையத் தூக்குன்னு அர்த்தம்."

எங்களை வெளிய கொண்டாந்து விட்டுட்டு, அவுக கேட்டது அவ்வளவுதான். முனை எங்க காலுக்குக் கீழதான் கெடந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் கையில இருந்த மண்ணைத் தட்டிக்கிட்டு, அது உள்ள போறதைப் பாத்துக்கிட்டுச் சும்மா நின்னோம்.