அக்கா அடித்து எழுதிய சமன்பாடு

என் அக்கா இரண்டாம் முறையாகப் பிளஸ் டூ வேதியியல் எழுதியபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. பதினேழில் அந்த ஒரு பாடத்தில் தவறினாள். அதே வருடம் கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை ஊரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவள் புருஷன், என் மாமா, லாரியில் அடிபட்டு நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டு மாற்றுவது முதல் குழாய் வழியாகக் கஞ்சி விடுவது வரை எல்லாம் அவளே கற்றுக்கொண்டு செய்தாள். மாமா பிழைக்கவில்லை. வார்டு நர்ஸ் ஒருத்தி மட்டும், "நீயெல்லாம் நர்ஸா வந்திருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் விசாரித்த பயிற்சி நிலையத்தில் முப்பது வயதுக்குமேல் சேர்க்க மாட்டார்கள். ஆகவே இந்த ஒரு தேர்வுதான், இந்த ஒரு தடவைதான்.

நான் தனியார் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிள்ளைகளை மிரட்டுகிற அதே வாயால் அவளையும் மிரட்டித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

முதலில் அவள் அடித்த கூத்து தாங்காது. குளோரின் ஒன்று குறைந்தால் கீழே இருக்கிற சின்ன எண்ணை மாற்றிவிடுவாள். "கம்மியா இருந்தா ஒண்ணு சேத்துக்க வேண்டியதுதானடி?" என்பாள். கீழே கை வைத்தால் பொருளே வேறாகிவிடும், முன்னால்தான் எண் போடலாம் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இரும்புக்குப் புளியங்கொட்டை, குளோரினுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பு. தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு இரண்டு பக்கமும் பரப்பி எண்ணுவாள். அவள் மாமியார் கோழியை விரட்டிக்கொண்டே, "பரீட்சைக்குப் படிக்கிறாளா, பல்லாங்குழி ஆடுறாளா?" என்பார். ஆனால் ஒரு மாதத்தில் எந்தச் சமன்பாட்டையும் தப்பில்லாமல் சமன் செய்தாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் அவளைப் படுத்தியது. குளோரின் வாயுவோடு நேராகச் சேர்ந்தால் இரும்பு மூன்று குளோரினைப் பிடிக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் இரண்டோடு நின்றுவிடும். எண்ணிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, நினைவில்தான் வைக்க வேண்டும். அவள் தினமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வாள்.

தேர்வு அன்று பௌர்ணமி. காலையிலேயே கிரிவலக் கூட்டம் தொடங்கி, ஆட்டோவைத் தடுப்புக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். செங்கம் ரோட்டில் இருக்கிற பள்ளிக்குக் கூட்டத்துக்கு எதிராக இடித்துக்கொண்டு நடந்தோம். நேரம் ஆகிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட கேட்டில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"ஏய், ஆசிட்ல இரும்புக்கு ரெண்டா, மூணா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "உயிரை எடுக்காதக்கா, பெல் அடிச்சிட்டாங்க, உள்ள போ!"

"ஆசிட்லடி. சொல்லிடு, போயிடறேன்."

"மூணு!" என்று சொல்லி முதுகில் கை வைத்துத் தள்ளினேன். என்ன சொன்னேன் என்றுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. மறுகூட்டலாவது கேட்கலாம் என்று விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தோம். அதை முதலில் புரட்டியது நான்தான். இரும்பையும் அமிலத்தையும் பற்றிய மூன்று மதிப்பெண் கேள்வி. இரண்டு குளோரின் போட்டு ஒழுங்காக எழுதி, பிறகு கோடு போட்டு அடித்திருந்தாள். கீழே அழகான கையெழுத்தில் 2Fe + 6HCl → 2FeCl₃ + 3H₂. பக்கத்தில் சிவப்பு மையில் பூஜ்யம்.

அக்கா தாளை வாங்கி விரல் வைத்து எண்ணினாள். "ரெண்டு பக்கமும் சரியாத்தானடி இருக்கு? இதுல எங்க தப்பு?"

"எண்ணிக்கை சரிக்கா. ஆனா அப்படி நடக்காது. ஆசிட்ல ரெண்டுதான். சரியா எழுதிட்டு ஏன் அடிச்ச?" என்றேன். பாவி, கேட்டே விட்டேன்.

அவளுக்குப் பள்ளிக்கூட கேட்டில் நான் 'மூணு' என்றது ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. தாளை நான்காக மடித்தாள்.

"அன்னிக்குக் கூட்டத்துல நான்தான் உன்னைத் தப்பா கேட்டிருப்பேன். ஆசிட்னு சொல்லாம விட்டிருப்பேன். நீ என்ன பண்ணுவ, பாவம்."

அவள் தெளிவாகத்தான் கேட்டாள். இரண்டு முறை கேட்டாள்.

நான், "இருக்கும்க்கா" என்றேன்.