பெயரை எடுத்த பிறகும்

தாய்சேய் நல ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய சிறிய அறையில் அவள் வேலை பார்த்தாள். மருத்துவர்களும் செவிலியர்களும் வருடக்கணக்கில் அலைந்து சேர்த்துக்கொண்டு வரும் தரவுகளை வாங்கி, பிழை பார்த்து, ஒழுங்குபடுத்தி, எந்த ஊர் ஆராய்ச்சியாளரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் வைப்பது அவள் பொறுப்பு. தப்பான வயதோ இரண்டு முறை ஏறிவிட்ட பதிவோ அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் நிலையத்தில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர். “சல்லடையில போட்டாச்சா?” என்று கேட்காமல் இயக்குநர் அம்மாள் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார்.

அவள் வருவதற்கு முன் அங்கே கதையே வேறு. ஒரு மருத்துவர் மாற்றலாகிப் போனால் அவர் சேர்த்த தரவும் அவர் பையோடு போய்விடும். இழுப்பறைகளில் பென் டிரைவ்கள் குவிந்து கிடக்கும். எதில் என்ன இருக்கிறது என்று போட்டவருக்கே தெரியாது. குழந்தையைப் பறிகொடுத்த தாய்மாரிடம் ஒரே கேள்வியை மூன்று குழுக்கள் தனித்தனியாகப் போய்க் கேட்ட கூத்தும் நடந்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட அன்று கூட்டத்தில் எழுந்து நின்று பேசினாள்.

“அழுதவங்களையே திரும்பத் திரும்ப அழ வைக்கிறதுக்குப் பேரு ஆராய்ச்சியா? ஒரு தடவை கேட்டதை ஒழுங்கா வெச்சிருந்தா அடுத்தவங்க எடுத்துக்கலாமே. தேடினா கிடைக்கணும், கிடைச்சா புரியணும், புரிஞ்சா உதவணும். இல்லன்னா எதுக்குச் சேர்த்து வைக்கிறோம்?”

அப்படி அவள் போராடி வெளியே கொண்டுவந்தவற்றில் பெரியது, பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு பற்றிய தரவு. பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். தொழில் என்ற கட்டத்தையும் எடுத்துவிடலாமா என்று அந்த ஆய்வை நடத்திய மருத்துவர் கேட்டபோது அவள்தான் மறுத்தாள். “ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற அம்மாக்கள் என்ன பாடு படுறாங்கன்னு அப்புறம் எப்படித் தெரியும்?”

மருத்துவரும் சரி என்றார்.

தரவு வெளியாகிச் சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் வேறொரு நாட்டிலிருந்து அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் முன்பின் தெரியாத ஒரு பேராசிரியை. தரவு மிகவும் பயன்படுகிறது என்று நன்றி சொல்லிவிட்டு, கீழே நாலு வரி எழுதியிருந்தார். ‘உங்கள் கோப்பில் ஒரு பதிவு என்னைக் கலங்க வைத்தது. கிரேன் ஓட்டுநர், இரட்டைக் குழந்தைகள், துறைமுகப் பகுதி. இந்த மூன்றையும் தேடிப் பார்த்தேன். ஒரு செய்தித்தாள் படத்தோடு அந்தப் பெண்ணின் பெயர் வந்து நின்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை. உடனே பாருங்கள்.’

அவள் தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் செய்தித்தாள் படம் அவள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. துறைமுகத்தின் முதல் பெண் கிரேன் ஓட்டுநர், இரட்டைப் பிள்ளைகளைப் பெற்று மறுபடி வேலைக்குத் திரும்பியவள், அவளுடைய தங்கை.

அந்தப் பதிவைத் திறக்கக் கை வரவில்லை. திறக்காமலும் இருக்க முடியவில்லை.

‘உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததுண்டா?’ என்ற கேள்விக்கு நேரே, ‘அடிக்கடி’ என்று இருந்தது. பக்கத்தில் செவிலி எழுதிய குறிப்பு: ‘மேலே இருக்கும்போது கீழே பார்க்கப் பயமாக இருக்கிறது என்கிறார். உயரத்துக்குப் பயமில்லையாம்.’

எத்தனையோ தடவை தன் கையால் மேலும் கீழும் நகர்த்திய வரிகளில் ஒன்று இது. சல்லடை பிடித்தவள் கண்ணிலேயே அது தட்டுப்படவில்லை. அவள் பார்த்தபோது தொழில் கட்டத்தில் வெறும் குறியீட்டு எண்தான் இருந்தது, வெளியிடும்போது கணினி அதைத் தானாகவே ‘கிரேன் ஓட்டுநர்’ என்று மாற்றியிருந்தது. அதன் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் கோப்பை இணையத்திலிருந்து நீக்கினாள். அதற்குள் பதினொரு பேர் எடுத்துப் போயிருந்தார்கள். பிறகு இயக்குநர் அறைக்கு ஓடினாள். கதவைத் தட்டினாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

இயக்குநர் அம்மாள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தார்.

“வெளிய யாருக்கும் தெரியாதுல்ல? சத்தமில்லாம திருத்திப் போட்டுடலாமே.”

“மேடம், அவளுக்குச் சொல்லணும்.”

“சொல்லணும்தான். ஆனா முறைப்படி டாக்டர்தான் சொல்லணும். அவங்க ஊர்ல இல்ல, அடுத்த வாரம்தான் வர்றாங்க.”

“அதுவரைக்கும் அவ தினமும் அந்த கிரேன்ல ஏறுவா, மேடம்.”

இயக்குநர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் தன் தங்கை என்று இப்போதுதான் சொன்னாள். அம்மாள் போனைக் கையில் எடுத்தார். “போ. டாக்டருக்கு நான் போன் பண்றேன்,” என்றார்.

பேருந்தில் அவளால் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தங்கையிடம் கடைசியாக எப்போது உருப்படியாகப் பேசினோம் என்று யோசித்தாள். பிள்ளைகளின் பல், சளி, தடுப்பூசி. ‘நீ எப்படி இருக்க?’ என்றால் ‘எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்’ என்று சிரிப்பாள். இவளும் சிரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

துறைமுக வாசலில் காவலாளி விடவில்லை. “ஷிஃப்ட் முடியட்டும்மா. மேல இருக்கிறவங்களைக் கூப்பிட முடியாது. அது என்ன, பக்கத்து வீட்டு மாடியா?” என்றான். வேலிக்கு இப்பால் நின்று அண்ணாந்து பார்த்தாள். நீலநிறக் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு தலை முன்னால் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தது. கூண்டு பாரத்தோடு கடல் பக்கம் நகரும்போதெல்லாம் இவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. காவலாளி பாவம் பார்த்து ஒரு நாற்காலியைத் தள்ளினான். அவள் உட்காரவில்லை.

ஷிஃப்ட் முடிந்து தங்கை ஏணியில் இறங்கத் தொடங்கினாள். ஒவ்வொரு படிக்கும் அக்காவின் விரல்கள் வேலிக் கம்பியை இறுக்கின. கால் தரையில் பட்டபிறகுதான் கம்பி கையில் பதிந்திருப்பது தெரிந்தது.

“என்னக்கா இங்க? பிள்ளைங்களுக்கு ஏதாவதா?” தங்கை ஓடி வந்தாள்.

“பிள்ளைங்களுக்கு ஒண்ணுமில்ல. வா, உட்காரலாம்.”

கேண்டீனுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அங்கே உட்கார்ந்து சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அவருக்குத் தெரியுமா?”

“உன் வீட்டுக்காரருக்கா? இல்ல. யாருக்கும் தெரியாது. அந்தப் பேராசிரியைக்கும் எனக்கும் எங்க மேடத்துக்கும்தான்.”

“நீ படிச்சியா?”

“படிச்சேன்.”

“‘எங்க அக்கா அங்கதான் வேலை பார்க்கிறா, அவளுக்குத் தெரிஞ்சிடுமா’ன்னு கேட்டுட்டுத்தான்கா கையெழுத்துப் போட்டேன். பேரு எங்கயும் போகாதுன்னாங்க.”

“பேரு போகல. ஆனா மத்ததெல்லாம் சேர்ந்து பேரைக் காட்டிக் கொடுத்துடுச்சு. தொழிலை விட்டு வெச்சது நான்தான்.”

“எங்க மாமியார் காதுக்குப் போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? பிள்ளைங்க ராத்திரி அழறப்ப நான் எழுந்திருக்கலன்னதுக்கே, ‘இவகிட்ட பிள்ளைங்களை விட முடியாது’ன்னு ஒரு தடவை சொன்னவங்க. இதைப் படிச்சா தூக்கிட்டே போயிடுவாங்க.” தலைக்கவசம் உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. “ஆபீஸ்ல படிச்சா? அப்புறம் என்னை ஏணிப் பக்கமே விட மாட்டாங்க.”

அக்காவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதைக் கேட்காமல் அவளால் எழுந்து போக முடியாது.

“இப்பவும் அப்படித் தோணுதா?”

ஒரு லாரி பின்னால் வந்து திரும்பிப் போனது.

“இல்லக்கா. அந்த நர்ஸ் கேட்டாங்கல்ல, அன்னிக்கே கையோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ஒரு மாசம் லீவு போட்டேன், முதுகு வலின்னு சொல்லி. மாத்திரை இன்னும் சாப்பிடறேன். லீவு முடிஞ்சு டாக்டரே பார்த்துட்டுத்தான் மேல ஏற விட்டாங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ உடனே எல்லாத்தையும் சரி பண்ண வந்து நிப்ப. எனக்குச் சரி பண்ண ஆள் வேணாம். சும்மா கேட்க ஒரு ஆள் வேணும். அந்த நர்ஸ் சும்மா கேட்டாங்க.”

அது சுருக்கென்று தைத்தது. “உன் வரியை அடியோட எடுத்துடறேன். நீ அதுல இருந்த சுவடே இருக்காது,” என்றாள்.

தங்கை சட்டென்று திரும்பினாள். “அந்தம்மா, கடிதம் போட்டவங்க, எதுக்கு அதை எடுத்தாங்க?”

“ஷிஃப்ட் வேலைக்குத் திரும்பின அம்மாக்களைப் பத்திப் பல ஊர் தரவைச் சேர்த்துப் பார்க்கிறாங்க. இப்பல்லாம் பிரசவமான கொஞ்ச நாள்ல ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடறாங்க. வேலைக்குப் போன பிறகும் கேட்கணுமான்னு தெரிஞ்சுக்க.”

“கேட்கணும். எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் எல்லாமே.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என்னை எடுத்துடாதக்கா. கிரேன்னு போடாத, ரெட்டைப் பிள்ளைன்னு போடாத, அந்தக் குறிப்பை எடுத்துடு. ஆனா ‘அடிக்கடி’ன்னு சொன்னேன் பாரு, அது இருக்கட்டும். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?”

அடுத்த நாட்கள் அவளுக்கு நெருப்பின் மேல் நின்ற மாதிரி இருந்தன. கோப்பை எடுத்துப் போன பதினொரு பேருக்கும் எழுதினாள். யாரைப் பற்றி என்று சொல்லாமல், பழைய பிரதியை அழிக்கும்படி கேட்டாள். பத்துப் பேர் அழித்துவிட்டதாகப் பதில் போட்டார்கள். ஒருவரிடமிருந்து பதில் இல்லை. அந்த முகவரியே இப்போது இல்லை என்று மின்னஞ்சல் திரும்பி வந்தது. அவர் யார், எங்கே இருக்கிறார், அந்தக் கோப்பை வைத்து என்ன செய்கிறார் என்று கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

மருத்துவர் ஊரிலிருந்து வந்ததும் நேரே தங்கை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். தொழில்களையெல்லாம் ‘பகல் வேலை’, ‘ஷிஃப்ட் வேலை’ என்று இரண்டாகச் சேர்த்து, வயதை வரம்பாக்கி, குறிப்புகளை நீக்கிக் கோப்பு மறுபடி வெளியானது. விவரம் வேண்டும் என்பவர்கள் காரணம் எழுதிக் கேட்டு, நிலையத்துக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். இனி எந்தத் தரவையும் வெளியிடும் முன் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, ‘இதில் யாரையாவது கண்டுபிடி பார்க்கலாம்’ என்று சொல்வது வழக்கமாயிற்று. கூட்டத்தில் ஒருவர் பேசாமல் பூட்டியே வைக்கலாமே என்றார். அவள் முடியாது என்றாள். குரல் முன்பு போல ஓங்கவில்லை. ஆனால் முடியாது என்றுதான் சொன்னாள்.

வேறு யாராவது சொல்வதற்கு முன் தங்கை தானே கணவனிடம் சொல்லிவிட்டாள். அவன் எழுந்து போய் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தானாம். திரும்பி வந்து, “மாத்திரை தீரப்போகுதா? நான் வாங்கிட்டு வரேன்,” என்றானாம். மாமியாருக்கு இன்றுவரை தெரியாது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அக்கா கேட்கவேயில்லை, தங்கையாகவே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். ஷிஃப்ட் முடிந்ததும் போனில் ஒரே சொல் வரும்: ‘இறங்கிட்டேன்.’ அது வரும்வரை மூன்றாம் மாடி அறையில் எந்த வரியும் சரியாகப் பார்க்கப்படுவதில்லை.