றோட்டைப் பார்த்த கமரா

கமரா பூட்டுகிறவனுக்கு ஏணியில் நிற்கும் வரைக்கும்தான் நிம்மதி. இறங்கிக் காலைக் கீழே வைத்தவுடன் ஊரில் எல்லோருக்கும் அவனிடம் கேட்க ஏதோ ஒன்று இருக்கும். லண்டனில் பல வருடம் இதே வேலை செய்துவிட்டு, அம்மாவின் ஊர்ப் பக்கம் என்று வன்னிக்குத் திரும்பி வந்தவன் நான். அங்கே வேலை முடிந்ததும் நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள். இங்கே தேத்தண்ணி தந்து, கதிரையில் இருத்திவைத்துக் கேட்பார்கள்: "இதில தெரியிறது வேற ஆருக்குத் தெரியும்?" நியாயமான கேள்விதான். பதில்தான் வருடா வருடம் மாறிக்கொண்டு போகிறது. கையை உயர்த்திக்கொண்டு நின்றும், அலுமாரியைத் திறந்து காட்டியும், அடையாள அட்டையை நீட்டியும் பழகிய உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. என்றாலும் என்னுடைய பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

கள்ளனை மட்டும்

வட்டக்கச்சியில் ஒரு கமக்காரர். கிணற்றடியில் வைத்திருந்த தண்ணீர் பம்பை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாக வாங்கியதையும் பறிகொடுக்க மனமில்லாமல் என்னைக் கூப்பிட்டார். சுவரில் எங்கே பூட்டினாலும் கிணற்றோடு முற்றமும் படலையும் சேர்ந்தே விழும் என்று போனில் படத்தைக் காட்டினேன். முற்றத்தில் அவருடைய மனைவி நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. அவர் படத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது.

சண்டை முடிந்து மீளக் குடியேறிய காலத்தில் ஆமி வீடு வீடாக வந்து, குடும்பத்தை வாசலில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனது. அந்தப் படம் இப்போது எங்கே கிடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அதை நினைத்துக்கொண்டுதான் கேட்டிருப்பார்: "கள்ளனை மட்டும் எடுக்கிற மாதிரி ஒண்டு இல்லையோ தம்பி? நாங்கள் ஏற்கெனவே காணுமான அளவு படத்தில நிக்கிறம்."

சிலிண்டர் போன வழி

மாங்குளத்தில் பெரிய றோட்டோரமாக ராணி அக்காவுக்கு ஒரு தேத்தண்ணிக் கடை. குசினிக்குப் பின்னால் வைத்திருந்த காஸ் சிலிண்டர் களவுபோனதால் கமரா கேட்டா. குசினியைப் பார்த்தபடி பூட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் பொலிஸ் சார்ஜன்ட் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, கமரா வைத்திருக்கிறவர்கள் அதை றோட்டுப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. "ஒத்துழைப்பு" என்றார். ஒத்துழைக்காவிட்டால் என்ன என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் மறுபடியும் ஏணியோடு போனேன்.

அக்காவின் கவலை சிலிண்டரோடு நிற்கிறதல்ல. தம்பி ஜெயம் அவாவோடுதான் இருக்கிறான். இயக்கத்தில் இருந்து, தடுப்பில் இருந்து, புனர்வாழ்வு முடிந்து வந்து, இப்போது கடையில் றொட்டி தட்டுகிறான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் சிவில் உடுப்பில் யாராவது வந்து, "ஜெயம் எங்க? ஆரோட கதைக்கிறவன்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு தரம் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இன்னொரு தரம் கூட்டிக்கொண்டு போனால் திரும்பி வருவானோ என்பதுதான் அவாவின் பயம். அவன் போவது வருவது, யாரோடு நின்று சிரிப்பது எல்லாவற்றையும் இனி அவாவின் சொந்தக் கமராவே எடுத்துவைக்கப் போகிறது. ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து சொன்னா: "என்ர சிலிண்டர் போனது பின்பக்கத்தால. றோட்டால போற சனம் அதைத் தலையில வைச்சுக்கொண்டே போகுது?"

ஒளிக்க ஒன்றுமில்லாதவர்

முரசுமோட்டையில் அரிசி மில் வைத்திருக்கும் அண்ணைக்கு, பொலிஸ் கேட்டாலும் கமராவைச் சும்மா காட்டாதீர்கள் என்று நான் சொன்னதில் சரியான கோபம். "உங்களை மாதிரி வெளியில இருந்து வந்த ஆக்கள்தான் எல்லாத்துக்கும் சட்டம் கதைக்கிறியள். ஒளிக்க ஒண்டுமில்லையெண்டால் ஏன் பயப்பிடுவான்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டிக் காட்டியே உயிர் தப்பிய தலைமுறை. மில் கமராவைப் பொலிஸ் ஸ்டேஷனிலிருந்தே பார்க்கும் வசதியைத் தானாகவே அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஒருநாள் அவரிடமிருந்து எனக்குப் போன். லொறி றோட்டில் நிற்கிறது எடுங்கோ என்று பொலிஸிலிருந்து கதைத்தார்களாம். அது பரவாயில்லை. மத்தியானம் மூட்டையில் சாய்ந்து கண்ணயர்ந்ததைப் பற்றியும் பகிடி விட்டார்களாம். குரல் நன்றாக இறங்கிப்போயிருந்தது. "தம்பி, ஒளிக்க ஒண்டுமில்லைத்தான். ஆனால் நான் சாரத்தை மடிச்சுக்கட்டிப் படுத்திருக்கிறது அரசாங்கத்துக்கு என்னத்துக்கு?"

மரியாதை

நீங்களும் செய்திருப்பீர்கள்: இங்கே கமரா வாங்குகிறவர்கள் பாஸ்வேர்டைத் தாங்கள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். "உங்களிட்டயே இருக்கட்டும். எங்களுக்குத் தெரியாட்டில் எங்களிட்டக் கேக்க மாட்டினம்" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று சனம் படித்த பாடம் அது. விளைவு, கேட்கிறவர்கள் எல்லோரும் நேரே என்னிடம் வருகிறார்கள். சார்ஜன்டும் வந்தார். வீதியோரக் கடைகள் எல்லாவற்றினதும் பாஸ்வேர்ட் வேண்டுமாம், ஸ்டேஷனில் இருந்தபடியே பார்க்க.

நான் சிலாபத்தில் சிங்கள மொழியில் படித்தவன். அம்மா வழியில் தமிழ், பள்ளிக்கூடம் வழியில் சிங்களம். அதனால் அவரோடு நேரடியாகவே கதைத்தேன். நீதவானின் கட்டளை ஒன்று கொண்டுவாருங்கள் என்றேன். நான் கேட்டது பெரிய உரிமை ஒன்றுமில்லை. உள்ளே வர முன் கதவைத் தட்டுங்கள், எதற்குத் தட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள், அந்தக் காரணத்தைப் பொலிஸ் அல்லாத ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். இவ்வளவுதான். சார்ஜன்ட் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டு, ஐயா என்கிற இடத்தில் மஹத்தயா போட்டுச் சொன்னார்: "புதுச் சட்டம் வரப்போகுது மஹத்தயா. அது வந்தால் நான் கேக்கவே தேவையில்லை. இப்ப உங்களுக்கு மரியாதை தந்துதான் கேக்கிறன்."

பைக்குள் என்ன

வயர், பற்றறி, திருகாணி, சுற்றுகிற நாடா. என்னுடைய பையைத் திறந்தால் எந்தக் காவலரணும் சந்தோசப்படும். மாங்குளத்தில் மறித்த கொன்ஸ்டபிள் புதிதாக மாற்றலாகி வந்தவன். ஊர் தெற்கே மொனராகலைப் பக்கம். முகத்தில் இன்னும் பள்ளிக்கூடக் களை. ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து மோட்டார் சைக்கிள் சீற்றில் பரப்பினான். போகிற வருகிற பஸ்ஸெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு போனது. எந்தச் சந்தேகத்தில் சோதிக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டேன். அந்தக் கேள்வி அவனுக்கு விளங்கவில்லை. என் சிங்களம்தான் விளங்கியது. உடனே முகம் மலர்ந்து, பரப்பியதையெல்லாம் தானே திரும்ப அடுக்கித் தந்தான். தமிழில் கேட்டிருந்தால் இன்னும் அங்கேதான் நின்றிருப்பேன் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பையை நீட்டிக்கொண்டு மெய்யான அக்கறையோடு கேட்டான்: "இவ்வளவு நல்லாச் சிங்களம் கதைக்கிறீங்கள், பிறகேன் அண்ணே இங்க வந்து கிடக்கிறீங்கள்?"

அகப்பை பிடித்தவன்

மே மாதம் வந்தால் இங்கே கஞ்சி காய்ச்சுவார்கள். கடைசிச் சண்டைக் காலத்தில் சனம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கஞ்சியில்தான். செத்தவர்களை நினைத்து, தெருவோரம் பானை வைத்து, போகிற வருகிற எல்லோருக்கும் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். இந்த முறை பானை வைத்தது ராணி அக்காவின் கடைக்கு நேரெதிரே, மரத்துக்குக் கீழே. அந்தப் பக்கம் தலை காட்டாதே என்று அவா ஜெயத்துக்குச் சொல்லிவைத்திருந்தா. அவன் கேட்கவில்லை. அவனுக்கும் செத்தவர்கள் இருக்கிறார்கள். அகப்பையை வாங்கி அவனே ஊற்றினான்.

அடுத்த நாள் சார்ஜன்ட் கடைக்கு வந்துவிட்டார். யார் அகப்பை பிடித்தது என்று பார்க்க வேண்டுமாம். பாஸ்வேர்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். குசினிக் கதவடியில் வைத்து அக்கா என்னைக் கேட்டா, அழித்துவிட ஏலாதோ என்று. அழித்தால் குற்றம் உங்களில் விழும் என்றேன். சார்ஜன்டிடம் திரும்பவும் நீதவானின் கட்டளை கேட்டேன். "பார்க்கத்தானே கேக்கிறன், எடுத்துக்கொண்டே போறன்?" என்று கதிரையை இழுத்து ரீவிக்கு முன்னால் போட்டுக்கொண்டார். ஜெயம் றொட்டிக் கல்லடியில் கையில் மாவோடு அப்படியே நின்றான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "போடுங்கோ தம்பி. இல்லையெண்டால் பதிவுப் பெட்டியோட தூக்கிக்கொண்டு போவினம், அதில அவன்ர எல்லா நாளும் கிடக்கு."

வரிசையில் நின்றவன்

போட்டேன். மரம், புகை, பானை. ஒரு பஸ் வந்து நின்றது. சனம் இறங்கியது. நடுவில் ஜெயம், முகம் பட்டப்பகல்போல் தெளிவாக. நல்ல கமராதான் பூட்டியிருக்கிறேன் என்று என்னையே நொந்துகொண்டேன். சார்ஜன்ட் முன்னுக்குக் குனிந்து, "இவன்தானே?" என்று விரலை நீட்டினார். அந்த நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் ஒரு பொலிஸ் தொப்பி தெரிந்தது. மெல்ல மெல்ல முன்னுக்கு வந்தது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து, இரண்டு கையாலும் சிரட்டையை வாங்கி, ஊதி ஊதிக் குடித்துவிட்டு, திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நின்றது. மொனராகலைக் கொன்ஸ்டபிள்.

ஆள் அப்போது சார்ஜன்டுக்குக் காவலாகக் கடை வாசலில்தான் நின்றான். சார்ஜன்ட் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அவன் விறைத்துப்போனான். "சேர், நான் தன்சல் எண்டு நினைச்சன்." வெசாக் காலத்தில் தெற்கில் தெருவோரம் பந்தல் போட்டு எல்லோருக்கும் சும்மா சாப்பாடு கொடுப்பார்களே, அது. வெசாக்கும் அந்தக் கிழமைதான் வந்தது. வரிசை, பெரிய பானை, கூப்பிட்டுக் கொடுக்கிற சனம். அவன் வேறு எதைத்தான் நினைப்பான்? "ரெண்டு தரம் குடிச்சனியோ?" என்று சார்ஜன்ட் கேட்டார். "பசி சேர். உப்பு மட்டும் கொஞ்சம் காணாது."

அதை நான் தமிழில் சொன்னேன். ராணி அக்கா கொன்ஸ்டபிள் பக்கம் திரும்பினா. "அப்பவும் உப்பில்லாமல்தான் குடிச்சனாங்கள் எண்டு அந்தத் தம்பிக்குச் சொல்லுங்கோ" என்றா. சொன்னேன். கொன்ஸ்டபிள் ஜெயத்தைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். கடைக்குள் றொட்டி கருகுகிற மணம் வந்தது. யாரும் போய்ப் பிரட்டவில்லை. இந்தப் படம் மேலே போனால் அகப்பை பிடித்தவனுக்குப் பக்கத்தில் சிரட்டை பிடித்தவனும் போவான், அவனுக்குப் பின்னால் சார்ஜன்டும் விளக்கம் சொல்லப் போக வேண்டும். அவர் கதிரையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "இந்தக் கமரா அண்டைக்கு வேலை செய்யேல்லைத்தானே, மஹத்தயா?"

திரும்பவும் ஏணி

அந்தப் பின்னேரமே ராணி அக்காவின் கமராவைக் குசினிப் பக்கம் திருப்பச் சொல்லி உத்தரவு வந்தது. வழக்கம்போல எழுத்தில் ஒன்றும் இல்லை. மற்றக் கடைக் கமராக்கள் இன்னும் றோட்டைத்தான் பார்க்கின்றன. சந்தியில் தங்களுக்கே சொந்தமாகப் பெரிய கமரா ஒன்று போட நல்ல ஆள் இருக்கா என்று சார்ஜன்ட் என்னிடமே விசாரித்தார். ஏணி உடைந்துவிட்டது என்றேன். ஜெயத்தைத் தேடி இதுவரை ஒருவரும் வரவில்லை. "இதுவரை" என்ற சொல்லைத்தான் அந்தக் குடும்பம் ஒவ்வொரு விடியலிலும் எழும்பிப் பார்க்கிறது.

உடையாத ஏணியில் ஏறி நான் கமராவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, கீழே ஏணியைப் பிடித்தது ஜெயம். அக்கா தேத்தண்ணியோடு வந்து, எவ்வளவோ நாளைக்குப் பிறகு சிரித்தபடி சொன்னா: "வாற வருசமும் அந்தப் பொலிஸ் பொடியனைக் கட்டாயம் கஞ்சிக்குக் கூப்பிடவேணும் தம்பி. அவன் வரிசையில நிண்டால் எங்களுக்கு நீதவான் தேவையில்லை."

நீதவானின் கட்டளை செய்ய வேண்டிய வேலையை ஒரு பசித்த கொன்ஸ்டபிளின் இரண்டு சிரட்டைக் கஞ்சி செய்துவிட்டுப் போன ஊரில், நான் பூட்டுகிற பாதுகாப்புக்கு எத்தனை வருடம் உத்தரவாதம் என்று கேட்கிறவர்களுக்கு, அடுத்த வெசாக் வரைக்கும் என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.